களியோடைப் பாலத்துக் கல்லில் என் பேர் இல்லை

மூன்று மகள்மாருக்கு மூன்று கல்வீடு கட்டினேன். நிந்தவூரில் ஒரு அரிசி ஆலை, பலகை விற்கும் ஒரு மரக்காலை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒருத்தரும் ஒரு செங்கல் எடுத்துத் தந்ததில்லை. அதற்கெல்லாம் எனக்குப் பேர் வேண்டாம். களியோடைப் பாலத்துக்கு வேண்டும்.

கலியாணம் முடித்து மனைவி வீட்டோடு நிந்தவூரில் இருந்தேன். உம்மா ஒலுவிலில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நடப்பேன். வெள்ளைக்காரன் போட்ட அந்த இரும்புப் பாலம் கண்ணில் பட்டால் பாதி வழி தீர்ந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி அதன் பலகைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. கீழே வெள்ளம் சுழித்தது. அக்கரையில் உம்மா உயிரோடு இருக்கிறாவா, மௌத்தா என்று சொல்ல ஆளில்லை.

விழுந்து கிடந்த தென்னைகளை வண்டில் மாட்டில் கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்தேன். மேற்புறத்தைத் தட்டையாகச் செதுக்கி, ஒவ்வொன்றாக உருட்டி, சட்டத்தோடு வரிந்து கட்டினேன். மனைவியின் தம்பி கரையில் நின்று சிரித்தான்.

"பொண்டாட்டிட ஊட்டுக் கூரை பறந்து கிடக்கு. மச்சான் உம்மாட ஊட்டுக்குப் பாலம் கட்டுறாரு!"

"வாயால கட்டாம வந்து கயித்தப் புடிடா."

பிடிக்கவில்லை, போய்விட்டான்.

மூன்றாம் நாள் கடந்தேன். உம்மா முறிந்த முருங்கையடியில் குந்தியிருந்தா.

"மூணு நாளாடா மனே ஒனக்கு?"

"பாலம் ஒடஞ்சி போச்சும்மா."

"வாப்பா ஒனக்கு நீந்தப் பழக்கினாரே!" ஏசிவிட்டுத்தான் அழுதா.

அன்று பின்னேரமே மீன்காரர்கள் அதன் மேல் போனார்கள். பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், மையித்தைச் சுமந்து அடக்கப் போகும் சந்தூக்குக்கூடப் போனது. புதுப் பலகை வரும்வரை ஒருத்தரும் விழவில்லை. பலகை வந்ததும் விழா வைத்தார்கள். ரிபன் வெட்டிய நாலு பேரின் பெயரைக் கல்லில் பொறித்துப் பாலத்தடியில் நட்டார்கள்.

விழாக் கமிட்டித் தலைவரிடம் போனேன்.

"காக்கா, நீங்க செஞ்சது சதகா, அல்லாஹ்வுக்காகச் செஞ்ச தர்மம். பேர் கேட்டா நன்மை போயிரும்" என்றார்.

"ஓம், அப்ப இந்த நாலு பேருக்கும் நன்மை தேவல்லியா?"

"அவங்க பெரியாக்கள். கதைய விடுங்க காக்கா."

விடமாட்டேன். நான் சதகா செய்யவில்லை. ஊருக்காகவும் செய்யவில்லை. உம்மாவைப் பார்க்கப் போட்டேன். அதில் ஊர் நடந்தது. பேர் கேட்டுக் கெட்டுப்போக அதில் நன்மை ஒன்றுமில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட என் தென்னையில் கால் வைத்ததில்லை. கல்லில் கீழே ஒரு சாண் இடம் கிடக்கிறது. என் பேரை அங்கே வெட்டுங்கள். எழுத்து அவர்களுடையதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.