அக்கா தனியாகத் தூக்கியது

எங்கள் வார்டில் நோயாளியைத் தனியாகத் தூக்க எவளுக்கும் துணிச்சல் வராது. மூத்த ஆயாவான அக்கா பார்த்துவிட்டால் தொலைந்தோம். "முதுகு என்ன இரும்பா? ஆளக் கூப்பிடுடி! முட்டிய மடக்கு, இடுப்ப வளைக்காத!" என்று வார்டே அதிரக் கத்துவாள். படுக்கை விரிப்பின் நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, அவள் "ம்" சொன்ன பிறகுதான் தூக்குவோம்.

அப்படிப்பட்டவள், பக்கவாதம் வந்த கணவர் குளியலறையில் விழுந்தபோது ஒருவரையும் கூப்பிடவில்லை. துணியில்லாமல் கிடக்கும் மனுஷனை அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாதாம். மானமாம், மண்ணாங்கட்டி! குனிந்து, ஒற்றை ஆளாக அள்ளித் தூக்கி அவரைக் கட்டிலில் கிடத்தினாள். அதன்பின் அவளால் நிமிர முடியவில்லை. அந்த வீட்டில் வேறு ஆளும் கிடையாது.

நேற்று அவளை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்ற, விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வலியில் பல்லைக் கடித்தபடியே, "முட்டிய மடக்குங்கடி" என்றாள். மடக்கினோம். "ம்" மட்டும் வரவில்லை.

"சொல்லுக்கா, தூக்கணும்" என்றேன்.



"என்னைத் தூக்க நாலு பேரு வந்துட்டீங்க. அங்க அவர யாருடி தூக்குவா?"