மணிக்கூட்டுக்குள் விழுந்த திருநீறு

இன்று காலை வவுனியாவில் ஒரு மணிக்கூட்டுக்குள் திருநீறு கொட்டிவிட்டோம்.

(கொட்டியது என் சின்னமகள் தர்சி. அள்ளிப் பூசியது நான்.)

விசயம் தெரியாதவர்களுக்கு: தர்சி மணிக்கூடு திருத்துகிற தொழில் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். இன்றைக்குத்தான் செய்முறைப் பரீட்சை.

பள்ளிக்கூடத்தில் ஏஎல் பரீட்சை முடித்தபிறகு இவள் வேறு எதற்குமே போடவில்லை. இது கிடைக்காவிட்டால் வீட்டில்தான் என்று எனக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து வந்த என் மச்சாள் வேறு, எல்லோரும் போனில் நேரம் பார்க்கிற காலத்தில் இது என்ன படிப்பு என்று தேத்தண்ணி முடியுமட்டும் கேட்டாள்.

"மாமி, உங்கட கையில கிடக்கிறது ஓடேல்லை. கழட்டித் தாங்கோ," என்றாள் தர்சி.

(மாமி கழற்றித் தரவில்லை. கதையையும் மாற்றிவிட்டாள்.)

விடியவே விசுவமடுவில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளையின் நெற்றியில் மூன்று குறி இழுத்துத்தான் பஸ் ஏறினோம். கிளிநொச்சியில் பஸ் மாறுவதற்குள் வியர்வையில் எல்லாம் அழிந்துபோனது.

விடுவேனா? பரீட்சை நடக்கும் இடத்து வாசலில் வைத்து, பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் திரும்பவும் பூசினேன். இந்தமுறை தாராளமாக.

"அம்மா, காணும், போதும்."

"பேசாமல் நில்லடி."

உள்ளே ஆளுக்கொரு பழைய கைமணிக்கூடு கொடுத்தார்கள். கழற்றி, திரும்பப் பூட்டி, ஓட வைக்கவேண்டும். நான் வெளியே கிடந்த மர வாங்கில் இருந்து, தேவாரம் முணுமுணுத்தபடி திறந்த யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றப் பிள்ளைகள் முடித்துக் கை உயர்த்துகிறார்கள். இவளோ பூட்டியதைத் திரும்பவும் கழற்றுகிறாள்!

தேவாரம் பாதியில் நின்றுவிட்டது.

படிப்பிக்கிற சேர் அவளுக்குக் கிட்ட வந்தார்.

"என்ன பிள்ளை, சரியாத்தானே பூட்டினீர்?"

"சேர், என்ர நெத்தியில இருந்து திருநீறு உள்ளுக்க கொட்டிப்போட்டுது. துப்புரவாக்க வேணும்."

"இப்ப ஓடுதுதானே?"

"இப்ப ஓடும் சேர். எண்ணெயோட சேர்ந்து இறுகினா நிண்டிடும்."

"நேரம் முடியப்போகுது."

"ஓம் சேர்," என்றுவிட்டு, லேஞ்சியை எடுத்து நெற்றியை முதலில் துடைத்தாள். பிறகு மேசையில் கிடந்த சின்னத் தூரிகையால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைக்கத் தொடங்கினாள்.

நேரம் முடிந்தது. மற்ற மேசைகளில் மணிக்கூடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இவள் மேசையில் சக்கரங்கள் பிரித்தபடியே கிடந்தன.

வெளியே வந்தவள் என்னோடு கதைக்கவில்லை. நான் பிள்ளையாரோடு கதைக்கவில்லை.

கடைசியில் சேர் வெளியே வந்தார். நேரே என்னிடம்தான் வந்தார்.

"அம்மா, நீங்களோ திருநீறு பூசி விட்டது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். (என் நெற்றியிலும் அதே வெள்ளை. எப்படிச் சொல்வது?)

"ஓம் சேர்."

"பிள்ளையை எடுத்திருக்கிறம். உள்ளுக்க தூசி விழுந்தா ஆக்கள் சொல்லுறேல்லை, மூடிப்போட்டுத் தந்திடுவினம். இவா சொன்னவா. ஆனா வகுப்புக்கு வரேக்க இது வேண்டாம் அம்மா."

அப்பனே பிள்ளையாரே! பாதியில் விட்ட தேவாரத்தை அந்த இடத்திலேயே பாடி முடித்தேன். தர்சி அழுகிறாள், சிரிக்கிறாள், எது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் நான் நான்தானே.

"சேர், சந்தனம் எண்டா?"

"காஞ்சா அதுவும் உதிரும்."

"தண்ணியில குழைச்சுப் பூசினா?"

தர்சி என் கையைப் பிடித்து பஸ் தரிப்பிடம் வரை இழுத்துக்கொண்டே போய்விட்டாள்.

வாழ்த்திய, நேர்த்தி வைத்த எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸிலேயே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி அவளுடைய பங்குத் திருநீறும் என் நெற்றியில்தான். இன்று பின்னேரமே தொடங்கிவிட்டேன். இரண்டு பங்கோடு குனிந்து குனிந்து சமைத்தும் முடித்தாயிற்று.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "இண்டைக்குச் சொதி வழமையிலும் பார்க்கக் கட்டியா இருக்கு," என்கிறார்.

தேங்காய்ப்பால் சொதியும் வெள்ளைதானே. நான் சட்டியை மூடி வைத்துவிட்டேன்.