மெயின் ரோட்டில் ஒரு திரை

காத்தான்குடி மெயின் ரோட்டைப் பற்றி வெளியூர்க்காரர் யார் எழுதினாலும் பேரீச்ச மரத்தில்தான் தொடங்குவார்கள். ரோட்டின் நடுவில் வரிசையாக நிற்கிற மரங்களைப் படம் பிடித்துக்கொண்டு, அரபு நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மரங்களோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் பங்குனி வெயிலில் அதற்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பூனைக்குக்கூட நிழல் கிடைக்காது. மரம் நேற்று வந்தது. கடை அதற்கு முதலே இருந்தது. நான் சொல்லப்போவது கடையைப் பற்றி.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற ரோட்டுத்தான் எங்கள் மெயின் ரோட். பஸ் எல்லாம் இதற்குள்ளால்தான் போகும். வாப்பா சின்ன வயதில் பார்த்த கடைகளுக்குப் பலகைக் கதவு. பின்னால் ஒழுங்கைகளில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அங்கே நெய்த சாறனும் சேலையும் முன்னால் கடையில் தொங்கும். பிறகு கொழும்புச் சாமான் வந்தது. அதற்குப் பிறகு கட்டார், சவூதிக் காசு வந்தது, கண்ணாடியும் ஏசியும் வந்தன, துணி போட்டுக் காட்டுகிற பொம்மைகள் வந்தன. எங்கள் தெருப் பொம்மைகளுக்குத் தலை இருக்காது. உருவம் கூடாது என்று தலையை எடுத்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். சின்னப் பிள்ளையில் அதற்குப் பயந்து நான் ரோட்டின் மற்றப் பக்கத்தால் நடந்திருக்கிறேன்.

தெருவை நடத்தியது எங்கள் ஊர்க் காசு மட்டும் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். வேளாண்மை வெட்டி முடிந்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பாலம் வருமுன் பாதையில் ஏறி வருவார்கள். பாதை என்றால் வாவியைக் கடக்கிற பெரிய மிதவை. பெரியகல்லாறிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். ஆரையம்பதி ஆட்கள் நடந்தே வருவார்கள், அவ்வளவு கிட்ட. கூறைச் சேலையும் இங்கேதான் எடுப்பார்கள்.

சண்டைக் காலத்தில் அதெல்லாம் நின்றது. அவர்களும் வரவில்லை, நாங்களும் போகவில்லை, இரண்டு பக்கத்திலும் மையித்துகள் விழுந்தன. அதைப் பற்றி நான் பெரிதாகப் பேச மாட்டேன், பேசினால் யார் முதல் என்ற கணக்கில் போய் முடியும். ஒன்று மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு தரமும் முதலில் திரும்பி வந்தவர்கள் பெண்கள்தான். பிள்ளைக்குச் சட்டை வேணும், விலை இங்கே குறைவு, அவ்வளவுதான் அவர்களுடைய அரசியல். பிறகு ஈஸ்டர் அன்றைக்குக் குண்டு வெடித்து, பள்ளிக்கூடப் பையையும் திறந்து பார்த்த அந்த வருஷம் வந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. அது தேறும்போது கொரோனா வந்தது. அதற்குப் பிறகும் பெண்கள்தான் முதலில் வந்தார்கள், மூக்குக்கு மேலே முகக்கவசத்தோடு.

வாங்க வருகிறவர்கள் முழுக்கப் பெண்கள், விற்கிறவர்கள் முழுக்க ஆம்பிளைகள். இதுதான் எங்கள் தெரு. இதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். எங்கள் கடை பெண்களுடைய உள்ளுடுப்பு, உள்பாவாடை, கவுண் விற்கிற கடை.

வாப்பா கண்ணியமான மனுஷன். பெண்ணொருத்தி கடைக்குள் வந்தால் அவளைப் பார்க்க மாட்டார். மேலே சுழல்கிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு "என்ன வேணும் மகள்?" என்று கேட்பார். அவளோ பொருளின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு "அது" என்பாள். வாப்பா குரலைக் கேட்டு அளவை முடிவு செய்வார். தடித்த குரலுக்குப் பெரிய அளவு, மெல்லிய குரலுக்குச் சின்ன அளவு. எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார். அவளும் பிரித்துப் பார்க்காமல் கொண்டு போவாள். பார்க்காததும் கேட்காததும் மரியாதை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். இந்த மரியாதையால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் ஊசி குத்திக்கொண்டு திரிந்தார்கள். மற்றப் பாதி மூச்சு முட்டிக்கொண்டு திரிந்தார்கள். இது மற்றக் கடைகளிலும் இப்படித்தான், வாப்பாவை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. தமிழ் ஊர்களிலும் அப்படித்தான். பெண் பிறந்தால் வீடு கட்டத் தொடங்க வேண்டும், கட்டி முடியாவிட்டால் பெண் இருக்க வேண்டியதுதான். வாப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, மூன்றும் பெண். மூத்த ராத்தாவுக்குப் புது வீடு கட்டினார். நடுவில் ராத்தாவுக்கு நாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு வாப்பாவும் உம்மாவும் நானும் அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறைகளில் ஒதுங்கினோம். நான் பிறந்த வீட்டில் மச்சான் குளித்து முடியும் வரைக்கும் கிணற்றடிக்குப் போக ஏலாது.

எனக்கென்று மிஞ்சியிருந்தது கடைதான். அதை விற்றால் ஒரு வீடு கட்டலாம். பக்கத்துக் கடை ஹாஜியார் நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தார், நடுச் சுவரை உடைத்துத் தன் கடையைப் பெருப்பிக்க. அந்த நேரம் எனக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் உம்மா வீடு எங்கே வரும் என்று கேட்டா. வாப்பா காணியைக் காட்டினார். பெருநாளுக்குப் பிறகு கடையை ஹாஜியாரிடம் கொடுப்பது, அந்தக் காசில் அத்திவாரம் போடுவது என்று பேச்சு முடிந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நோன்பு தொடங்க முதல் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்தது. டொக்டர் காலை நிலத்தில் வைக்கவே கூடாது என்றார். கடையில் நின்ற ஆளோ அதற்கு முதல் மாதம்தான் கட்டாருக்குப் போயிருந்தான். பெருநாளுக்கென்று கொழும்பிலிருந்து எடுத்த சாமான் கட்டோடு கிடந்தது. அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் சித்திரை வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றாக வருகிற மாதம். அந்த மாதம் கடையைப் பூட்டினால் சாமான் குப்பை.

"நானும் உம்மாவும் போறம்" என்றேன்.

உம்மா நெஞ்சில் கை வைத்தா. "மெயின் ரோட்டுல கடையில இரிக்கிற புள்ளைய நாளைக்கு ஆரு எடுப்பா?"

"நான் ஒங்களோடதானே இரிக்கப்போறன். புண் ஆறுற வரைக்கும்."

வாப்பா கடைப் பூட்டின் திறப்பைத் தந்தார். வேறு வழி இருந்தால் தந்திருக்க மாட்டார்.

போன முதல் நாள் ஒரு படுக்கைச் சீலையை எடுத்துக் கடை வாசலில் திரையாகக் கட்டினேன். பெட்டி மட்டையில் 'பெண்கள் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டேன். தெருவில் ஆம்பிளைகள் சிரித்தார்கள். ஹாஜியாரின் கடைப் பொடியன்மார் ஆஸ்பத்திரி திறந்திருக்கு என்று பகிடி விட்டார்கள். பின்னேரம் வரைக்கும் ஒருவரும் வரவில்லை. உம்மா காசு லாச்சியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தா.

அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஆரையம்பதி டீச்சர் ஒருவர் வந்தார். வாப்பாவிடம் நெடுங்காலமாக வாங்குகிறவர். திரையை விலக்கி உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பித் திரையை நல்லா இழுத்து மூடினார்.

"நீங்கதானா தங்கச்சி நிக்கிறீங்க? வேற ஆம்பிளை ஒருத்தரும் இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப முதல் என்ர அளவை எடுங்க."

எடுத்தேன். அவர் இத்தனை வருஷமும் போட்டது இரண்டு அளவு சின்னது. நான் சொன்னதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "உங்கட வாப்பாட்ட கேக்க எனக்கு வெக்கம், சொல்ல அவருக்கு வெக்கம். எனக்கு முதுகுவலி எண்டு எத்தினை எண்ணெய் பூசியிருப்பன்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். உம்மாவும் சிரித்துவிட்டா. கடைக்குள் உம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் போய்ச் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் ஆரையம்பதியிலிருந்து வந்தார்கள். அதற்கடுத்த நாள் எங்கள் ஊர் ஆட்கள், கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு, முகம் மூடிக்கொண்டு. திரைக்குள் வந்ததும் முகம் திறந்து, "அல்லாஹ்ட காவல், காத்து வருது" என்று இருப்பார்கள். பொட்டோடு கொக்கட்டிச்சோலை அக்காவும் முகம் திறந்த எங்கள் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கவுணை இழுபறிப்படுவார்கள். எனக்கு நாக்கு வறண்டு போகும், நோன்பு வேறு. ஆனால் இரவு படுத்தால் காலையில் என்ன எடுத்து எங்கே தொங்கவிடுவது என்றுதான் யோசனை வரும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பிடித்தது என்ற சொல்லும் காணாது. கடையை விட்டால் நான் ஒன்றுமில்லை என்று எனக்கு விளங்கியது, அது பெருநாளோடு போகப்போகிறது என்பதும் கூடவே விளங்கியது.

வாப்பாவிடம் சொன்னேன். "எனக்கு வீடு வேணாம் வாப்பா. கடையைத் தாங்க."

வாப்பா காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கோபப்படவில்லை. "மகள், பொம்புளைக்கு வீடு குடுக்கிறது என்னத்துக்குத் தெரியுமா? நாளைக்கு ஒருத்தன் வெளிய போ எண்டு செல்ல ஏலாது. ஒன்ட வீட்ட விட்டு அவன்தான் போகணும். கடைக்குள்ள படுக்கவா போறாய்?"

அவர் சொன்னது சரி. அதனால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் மாப்பிள்ளையின் உம்மா கடைக்கே வந்தா. சும்மா பார்க்க என்று சொல்லி எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தா. என்னிடமே அளவு கொடுத்து, விலை குறைத்து, இரண்டு கவுண் எடுத்துக்கொண்டு போனா. அன்றைக்குப் பின்னேரமே ஆள் அனுப்பினா. பிள்ளை கடையில் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வார்களாம், ஆனால் பெருநாளோடு கடையை விட்டால்தான் பேச்சாம். கவுண் இரண்டையும் திருப்பி அனுப்பவில்லை. மனுஷிக்கு அளவு சரியாகப் பொருந்தியிருக்கும்.

பெருநாளுக்கு முதல் நாள். தெருவில் கால் வைக்க இடமில்லை. நடைபாதையில் பாய் விரித்துச் செருப்பு, வளையல், பிளாஸ்டிக் பூ. ஒலிபெருக்கி ஒன்றை ஒன்று மிஞ்சிக் கத்துகிறது. கடைக்குள் பெண்கள் அடைந்து நின்றார்கள், உள் மூலையில் இரண்டு பேர் உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. வாப்பா காலில் கட்டோடு, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு ஹாஜியாரோடு பேசி முடிக்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நேரே உள்ளே வரப் பார்த்தார்.

"வாப்பா, வராதீங்க" என்றேன். என் வாயால் வந்துவிட்டது. "உள்ள பொம்புளையள் நிக்காங்க."

தன் கடை வாசலில் வாப்பா அப்படியே நின்றார். ஒரு கை திரையில். பிறகு கையை எடுத்தார். ஹாஜியார் தன் கடையிலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார், வாப்பா நடைபாதையில் இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்க நேரமில்லை. பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவதும் பை நிறையப் போவதுமாக இருந்தார்கள். அவர் ஒவ்வொருத்தியையும் பார்த்தாரா, இல்லை வழமைபோல வேறெங்காவது பார்த்தாரா, தெரியாது.

திரைக்கு அந்தப் பக்கம், வாப்பாவை அண்ணன் முறையில் கூப்பிடுகிற ஹாஜியாரின் குரல் கேட்டது. "என்ன காக்கா, நாளைக்கழிச்சுத் திறப்பைத் தாறீங்களா? மேசன்மாரை வரச் செல்லட்டா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. கொக்கட்டிச்சோலை அக்கா ஒருத்தியின் கையில் அளவு நாடாவைச் சுற்றியபடி நின்றேன். உம்மா காசைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றா.

வாப்பா சத்தமாகத்தான் சொன்னார். உள்ளே கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். "நீங்க என்னட்டக் கேட்டுப் புண்ணியமில்ல ஹாஜியார். கடைக்காரி உள்ள இரிக்கா. அவட்டக் கேளுங்க."

ஹாஜியார் திரைக்குக் கிட்ட வந்து, "என்ன மகள் செல்றாய்?" என்று கேட்டார்.

"கடை குடுக்கிறல்ல ஹாஜியார்" என்றேன்.

அதற்குப் பிறகு நாடாவில் இலக்கம் தெரியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதேன், அத்தனை பேருக்கு முன்னால். கொக்கட்டிச்சோலை அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கையை மறுபடி நீட்டினா.

"அளவை எடு தங்கச்சி, எனக்குக் கடைசி பஸ் போயிரும்."