தென்னக்கும்புரப் பாலமும் ஒரு சுண்ணாம்புச் செப்பும்

காலை 6.50. கண்டியிலிருந்து மகியங்கனை பஸ் புறப்பட்டது. ஹுன்னஸ்கிரியவுக்கு முப்பத்து நான்கு கிலோமீற்றர், டிக்கெட் நூற்றறுபது ரூபாய். ஜன்னலோர இருக்கைக்காக ஒரு பெரியவருடன் சண்டை பிடித்து வென்றிருந்தேன். மாலையில் பேராதனையில் படிக்கும் என் மகனோடு கண்டி வாவிக்கரையில் சாப்பிடுவதாகத் திட்டம். அதற்குள் ஒரு ராசாவைப் பார்த்துவிட வேண்டும்.

கண்டி ராச்சியம் வெள்ளைக்காரனிடம் போய் இருநூறு வருடம் தாண்டிவிட்டது. கடைசி அரசனைப் பிடித்ததும் இந்த மலைப் பக்கம்தான். பிடித்து வேலூருக்கு ஏற்றிவிட்டார்கள். அவனுடைய உறவில் ஒரு கிளை காட்டில் ஒளிந்து, பிறகு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கலந்துவிட்டதாம். அதன் மூத்த வாரிசு ஹுன்னஸ்கிரியவில் பள்ளிச் சீருடை தைக்கிறாராம். ஒரு கண்டக்டர் சொன்ன கதை. ஓய்வு பெற்ற டீச்சரான எனக்கு ஒரு கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்!

8.30. இறங்கிய இடத்தில் பனிமூட்டம். தையற்கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தேன். திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஒதுங்கியது. பழைய சேர்ட்டும் கையில் ஒரு பொலித்தீன் பையுமாக மெலிந்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். கடைக்கார முஸ்லிம் நானா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, அவர் உட்காரும் வரை நின்றுகொண்டேயிருந்தார்.

"ஏன் நானா நிக்கிறியள்?" என்று காதோடு கேட்டேன்.

"தெரியா டீச்சர். அவர் இரிக்கிற வரைக்கும் கால் மடங்குதில்ல. எங்க வாப்பாவுக்கும் அப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்தவர்தான் ராசா; பெயர் ரெங்கசாமி. பேட்டி கொடுக்க அவருக்கு நேரமில்லை. அவருடைய மகளுக்கு அன்று பகல் ஒரு மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒப்பரேஷன். நாலு நாளாக அந்தப் பிள்ளை அங்கே தனியே கிடக்கிறாள். இவர் போகவில்லை. "என்ன மனிசன் நீங்கள்!" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கண்டிக்குத் திரும்பும் 9.20 பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்து சொன்னார்.

"நாலு நாளும் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேங்க. ராச்சியம் போனதுலேருந்து எங்க குடும்பத்துல மூத்தவன் ஆத்தத் தாண்டி டவுனுக்குள்ள கால் வைக்கக் கூடாது. எங்கப்பா வச்சாரு. அன்னிக்கே எங்க தங்கச்சி செத்துப் போயிருச்சு. தாத்தா வச்சாரு, பெரியப்பா போயிட்டாரு. போறவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அவன் புள்ளைக்குத்தான்."

"இதுக்கு வழியே இல்லையோ?"

மடியிலிருந்து கட்டைவிரல் அளவுச் சுண்ணாம்புச் செப்பு ஒன்றை எடுத்தார். பித்தளை. மூடி திறக்காது, உள்ளே ஏதோ உருண்டது. "யாராச்சும் மனசோட இத வாங்கிக்கிட்டா உரிமையும் இந்தத் தடையும் அவங்களுதுங்க. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒருத்தன். பேராதனையில படிக்கிறான்."

செப்பை மடிக்குள் செருகிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

10.45. கண்டி வாசலிலுள்ள தென்னக்கும்புரப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கினோம். கீழே மகாவலி கலங்கலாக ஓடியது. பாலத்தில் ஒரு கால் வைப்பதும் எடுப்பதுமாக நின்ற அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "கொண்டாங்கோ ஐயா, எனக்கென்ன வந்தது!" என்று கையை நீட்டினேன்.

"யோசிச்சு வாங்குங்க டீச்சர்."

"யோசிக்க என்ன இருக்கு? பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், போங்கோ!"

செப்பு சூடாக இருந்தது. மடிச்சூடு என்று நினைத்தேன். அவர் அரை ஓட்டமாகப் பாலத்தைத் தாண்டி மறைந்தார். நானும் பின்னால் போவதாகத்தான் இருந்தேன். ஒரு காலை எடுத்தேன். மகனுடைய முகம் வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த முகம்.

விசர்க் கதை, பைத்தியக் கதை என்று வாய்விட்டே சொன்னேன். கால் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்குத் திரும்பினேன். வாசலில் கிடந்த நாய் எழுந்து ஒதுங்கியது. கடைக்காரப் பெண், சிங்களத்தி, என்னை முன்பின் பார்த்திராதவள், கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு நின்றாள். நான் உட்கார்ந்த பிறகுதான் அவளும் உட்கார்ந்தாள். நாலரை மணி வரை அங்கேயே இருந்தேன்.

4.30. ஓட்டோவில் வந்திறங்கினார் ரெங்கசாமி. "புள்ள பொழைச்சிருச்சுங்க டீச்சர்! கண்ணத் தொறந்து அப்பான்னு கூப்பிட்டுச்சு!" அவர் அழுதார், நானும் அழுதேன். பிறகு செப்பை நீட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரே புள்ளைங்க."

"எனக்கும் ஒண்டுதான் ஐயா. பஸ்ஸில சொன்னனான்."

"தெரியுங்க," என்றார் தரையைப் பார்த்தபடி. "அதான் நான் எடுத்து நீட்டலைங்க. நீங்களா கேட்டதும் மனசு விட்டுருச்சு. மன்னிச்சுருங்க." அதே ஓட்டோவில் ஏறி மகளிடம் திரும்பிப் போனார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆற்றில் எறிந்திருக்கலாமே என்பீர்கள். எறிந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குப் போதுமாக இருந்தது.

5.15. மகன் போனில் வந்தான். "வாவிக்கரையில நிக்கிறன், நீங்கள் எங்க அம்மா?" தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஆற்றைத் தாண்டாமல் ஊர் திரும்ப மெனிக்ஹின்ன வழியாக வத்தேகமவுக்கும், அங்கிருந்து மாத்தளைக்கும் பஸ் பிடித்தேன். கண்டி விடுதியில் விட்ட பையைப் பார்சலில் அனுப்பச் சொன்னேன்.

வவுனியாவில் தரை சமதளம்; தாண்டக் கூடாத பாலம் எதுவும் என் வீட்டுப் பக்கம் இல்லை. போன வாரம் லீவில் மகன் வந்தான். செப்பைப் பற்றி அவனிடம் மூச்சும் விடவில்லை. சோறு போட்டுவிட்டு, "இரடா" என்றேன். சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடி நின்றான்.

"நீங்கள் முதல் இருங்கோ."

"ஏனடா?"

"தெரியேல்லை அம்மா," என்றான், சிரித்துக்கொண்டே. "கால் மடங்குதில்லை."