மறக்கத் தெரியாத கார்டு

என் பழைய மேலாளர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் வயிறு எரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கறம்பக்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளைச் செய்யும் கம்பெனி அது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நம்பும். நாங்கள் அதற்குக் கொடுக்கும் நெட்வொர்க் கார்டும் பொய்தான். வரும் தகவலை எந்த முகவரியில் போடுவது என்று இயந்திரம் கார்டுக்குச் சொல்லும். அந்த முகவரி உள்ளே மட்டும்தான் செல்லுபடியாகும். அதை நிஜ நினைவகத்தின் முகவரியாக மாற்றுவது நான் எழுதிய பகுதி. வேகத்துக்காகக் கார்டு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இயந்திரம் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் மறந்துவிடவும் வேண்டும். இல்லையென்றால், வீடு மாறிப் போன பிறகும் பழைய வீட்டிலேயே பார்சலைப் போடும் கூரியர்காரர் மாதிரி, கண்ட இடத்தில் எழுதித் தொலைக்கும்.

அந்த மறக்கும் பகுதியைத்தான் மேலாளர் வெட்டி எறிந்தார். வேகம் குறைகிறதாம். நான் மல்லுக்கு நின்றேன்.

“மொதல்ல உங்க ஊர்ல கரண்ட் இருக்கான்னு பாருங்கம்மா” என்றார், மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். என்னை டெஸ்டிங்குக்குத் தள்ளிவிட்டு, மொத்த வேலையையும் தன் பெயரில் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளருக்குக் காட்டும் டெமோ முடிந்ததும் என்னை வேலையை விட்டே தூக்கப் போகிறார் என்று கூட வேலை பார்த்தவள் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்தாளு நாசமாப் போவான், நீ தின்னு” என்றாள் அம்மா.

வீடியோ காலில் நடந்த டெமோவில் வேகத்தைக் காட்டி அவர் மிதந்துகொண்டிருந்தார். டெஸ்டிங் பக்கம் ஏதாவது உண்டா என்று வாடிக்கையாளர் கேட்டார். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

“ஓடிக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கார்டைக் கழட்டித் திரும்ப மாட்டிக் காட்டுங்க சார்” என்றேன், குரலில் தேன் ஒழுக.

வாடிக்கையாளரும் அதையே கேட்க, வேறு வழியில்லை. மேலாளர் திரையிலேயே கார்டைக் கழற்றினார், மாட்டினார். கழற்றியபோதே இயந்திரம் திரும்ப வாங்கிக்கொண்ட பழைய முகவரியிலேயே கார்டு எழுதியது. இயந்திரம் பொத்தென்று விழுந்தது. எனக்கு ஜிவ்வென்று இருந்தது. பாவம் என்று துளிகூடத் தோன்றவில்லை. விழுந்த கையோடு, வெட்டி எறிந்த பகுதியை அவருக்கும் மேலே இருந்தவருக்கு என் பெயர் போட்டு அனுப்பினேன்.

உடனே மேலாளரிடமிருந்து போன் வந்தது. “நீங்க எழுதுன அந்தப் பழைய கோடிங் உங்ககிட்ட இருக்காம்மா? கஸ்டமர் லைன்லயே இருக்காங்க. எனக்கு அனுப்பிடுங்க, ப்ளீஸ்.”

தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“கரண்ட் இல்லீங்க சார்” என்றேன்.