கழற்றிய கொலுசு

போன வருடத்துக்கு முந்தின தை மாதம். உப்பிலியபுரத்தில் என் மனைவியின் தங்கைக்கு வளைகாப்பு. மனைவியும் மாமியாரும் சீர்த்தட்டுகளோடு விடிவதற்கு முன்பே ஸ்ரீரங்கத்திலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள். எங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பனியில் குழந்தை வேண்டாம், வெயில் ஏறியதும் நீங்கள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று உத்தரவு.

தூக்கிப் போவது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கென்றே மனைவி ஆன்லைனில் ஒரு துணி வாங்கியிருந்தாள். புடவை மாதிரி நீளமான, மெத்தென்ற பருத்தித் துணி. தோளிலும் இடுப்பிலும் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் குழந்தை என் நெஞ்சோடு ஒட்டிக்கொள்வாள். இரண்டு கையும் சும்மா இருக்கும், முதுகும் வலிக்காது. எதிர்வீட்டுக்காரர்தான் பார்க்கும்போதெல்லாம், "என்ன சார், தூளியையும் கூடவே கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க?" என்று கிண்டல் செய்வார். தினமும் காலையில் மகளின் கன்னத்தில் மாமியார் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பார். அன்று அவர் இல்லை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

உட்கார இடம் வேண்டுமே என்று சத்திரம் பேருந்து நிலையத்துக்கே போய்த் துறையூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. கொள்ளிடம் பாலம் வருவதற்குள் மகள் தூங்கிவிட்டாள். முன் சீட்டில் இருந்த பெண் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் கட்டைப்பை. பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே இல்லை.

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமாங்க."

"அம்மா வரலையா?"

"ஊர்ல இருக்காங்க."

"பாப்பா பேரு என்ன?"

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். முன்பின் தெரியாதவருக்குக் குழந்தையின் பெயர் எதற்கு? "பாப்பாதாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் பார்வை இப்போது கீழே போனது. துணிக்கு வெளியே மகளின் இரண்டு கால்களும் தொங்கிக்கொண்டிருந்தன. காதுகுத்துக்குத் தாய்மாமன் போட்ட கெட்டிக் கொலுசு. சரிதான், இந்தம்மாவுக்குக் கொலுசின் மேல் கண் என்று முடிவு கட்டினேன். அவர் டிக்கெட்டைத் தேடக் குனிந்த நேரம் பார்த்து, மெதுவாகத் திருகாணியைக் கழற்றி, கொலுசு இரண்டையும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால் அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மண்ணச்சநல்லூர் தாண்டியதும் அவர் எழுந்து பின்னால் போனார். கண்டக்டர் காதில் ஏதோ சொன்னார். பிறகு கடைசி சீட்டில் இருந்த இரண்டு ஆட்களிடமும் குனிந்து பேசினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டாளிகளோடுதான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே துணியின் முடிச்சை இறுக்கினேன்.

திருவெள்ளறைக்குக் கொஞ்சம் முன்னால் கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஓரமாக நின்றது. எல்லோரும் என் சீட்டைச் சுற்றி நின்றார்கள்.

"சார், இது யாரு குழந்தை?"

"என் பொண்ணுங்க."

"பொய்யி!" என்றார் அந்தப் பெண். "பேரைக் கேட்டா சொல்லத் தெரியல. புள்ள மூஞ்சில ஒரு பொட்டு இல்ல. கால்ல கிடந்த கொலுசைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. என் கண்ணால பார்த்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க எல்லார் வாட்ஸ்அப்பிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நானே அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். பதறிப்போய் மனைவிக்குப் போன் செய்ய எடுத்தேன். ஒருவன் பிடுங்கிக்கொண்டான். "யாருக்குடா போன்? உன் ஆளுங்களுக்கா?" இன்னொருவன் என் பையில் கைவிட்டுக் கொலுசை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. பெயரைச் சொன்னேன். இப்போது யோசித்துச் சொல்கிறான் என்றார்கள்.

"இம்புட்டுச் சத்தத்துல புள்ள அசையுதா பாருங்க. மயக்க மருந்து குடுத்திருக்கான்!" என்றது ஒரு குரல்.

மகள் எப்போதுமே அப்படித்தான், அந்தத் துணிக்குள் போய்விட்டால் மேளம் கொட்டினாலும் எழமாட்டாள் என்று யாரிடம் சொல்ல? யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். எனக்கு விழும் அடி எதுவானாலும் நெஞ்சில் கட்டியிருக்கும் குழந்தைமேல்தானே விழும்? இரண்டு கையாலும் அவள் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"அடிக்காதீங்க! புள்ள மேல படும்!" என்று கத்தியவர் அந்தப் பெண்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கையை எடுங்க, புள்ளைக்கு மூச்சு இருக்கான்னு பார்க்கணும்" என்றார். திருடும் என்று நான் நினைத்த கை அது. வேறு வழியில்லாமல் என் கையை எடுத்தேன்.

அவர் மகளின் தலையை மெல்ல நிமிர்த்திக் கன்னத்தைத் தட்டினார். அவள் சிணுங்கிவிட்டு மறுபடி என் நெஞ்சில் சாயப் பார்த்தாள். அவர் விடவில்லை. கன்னம் பதிந்திருந்த இடத்தில் துணியைத் தடவினார். கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு துணியை விலக்கி, அடியில் என் சட்டையைப் பார்த்தார்.

"காலரை விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரிடம் திரும்பினார். "இன்னைக்குப் புள்ளைக்குப் பொட்டு வெக்கல. ஆனா துணியில மைக்கறை இருக்கு, பாருங்க. ஒருநாள் கறையில்ல இது. தொவைச்சுத் தொவைச்சுப் போகாம பழுப்பேறிக் கிடக்கு. சட்டையிலயும் அதே இடத்துல. தெனம் இந்தப் புள்ள இங்கதான் தூங்குது. பெத்த அப்பன்தான்."

போனைப் பிடுங்கியவன் அதை என் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அதே நேரம் பார்த்து மனைவியின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் கண்டக்டர். "எங்க இருக்கீங்க? பாப்பாவுக்குக் கொலுசு போட்டுத்தானே கூட்டிட்டு வர்றீங்க?" என்றாள் அவள். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ் கிளம்பியதும் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொலுசை வாங்கி மகளின் காலில் தானே மாட்டினார். "ஏன் தம்பி கழட்டுனீங்க?" என்று கேட்டார்.

"தூங்கறப்போ உறுத்துமேன்னுதான்."

திருகாணியைத் திருகிக்கொண்டே, "என்னைப் பார்த்துத்தானே கழட்டுனீங்க?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "நல்லதுதான். புள்ளையைப் பெத்தவங்க அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திருவெள்ளறையில் இறங்கிப் போய்விட்டார். அவருடைய ஊர், பெயர் எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மகள் இப்போது ஓடுகிறாள், தூக்கினால் இறக்கிவிடச் சொல்லி உதைக்கிறாள். துணி பீரோவில் மடித்து இருக்கிறது. சொந்தக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் யாராவது என் மகளை உற்றுப் பார்த்தால் இன்றும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. ஆனால் யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு பஸ்ஸில் அவளை என்றாவது தனியாக அனுப்ப வேண்டி வருமே என்பதுதான் இப்போது அதைவிடப் பெரிய பயம்.