விசிறிக்கும் சீலிங்குக்கும் நடுவில்

பள்ளி விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் லூமுட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். உங்கள் அக்கா, “ஒண்ணும் இல்ல லா” என்று சொல்லிவிட்டாள். ஒன்றும் இல்லாமல் இல்லை. ஹாலில் விசிறியின் இரண்டு இறக்கை மட்டும் பளபளப்பாகவும் மூன்றாவது கருப்பாகவும் ஏன் இருக்கிறது என்று பெரியவன் கேட்டானே, அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா யூனிவர்சிட்டியிலிருந்து வந்தபோது முகம் சரியில்லை. அவள் எடுத்திருந்த மூன்று கணக்குப் பாடத்துக்கும் வீட்டுப் பாடம் கொடுத்திருந்தார்கள். அவள் எழுதியதை விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அன்றைக்கே கணினி வழியாக அவளைப் பேச வைத்து அவர் கேள்வியும் கேட்பார். போன செமஸ்டரிலேயே அவளுக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. இதுவும் போனால் அந்தப் படிப்பில் அவளுக்கு இடம் கிடையாது. இதை உங்கள் அம்மாவிடம் சமையலறையில் சொன்னாள். நான் கேட்காத மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூட அதே யோசனை. நான் படித்தது மூன்றாம் படிவம் வரைக்கும். அவள் தாளில் எண்ணே அதிகம் இல்லை, எல்லாம் எழுத்து. விரிவுரையாளர் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு ‘ஏன்?’ என்று எழுதியிருந்தார். அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

இணையத்தில் கணக்குக்கு உதவி செய்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். எந்தெந்த நாட்டு ஆட்களோ, கேட்டால் பதில் போடுவார்களாம். அக்கா கேட்டிருந்தாள். பதிலும் வந்திருந்தது. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன்.

“‘நீ இதுவரைக்கும் என்ன செஞ்சு பார்த்த’ன்னு கேக்குறாரு.”

“நாம ஒண்ணு கேட்டா அவன் ஒண்ணு கேக்குறான். என்ன ஆளு இவன்?”

“அங்க அப்படித்தான்பா. விடைய சொல்ல மாட்டாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் உதவி என்றால் அப்படி இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் தங்கள் மர நிரையை முடித்த கையோடு அவள் நிரையிலும் போய்ப் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டுவார்கள். பாலை அவள் பேரிலேயே நிறுத்துப் போடுவார்கள். எடை போடுகிற கிராணியும் கண்டுகொள்ள மாட்டார். நீ என்ன செய்து பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

அதனால் அக்காவிடம் சொல்லாமல் உங்கள் மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மச்சான், இது ஒரு விஷயமா? என் கூட்டாளி மவன் இஞ்சினியர். படம் புடிச்சு அனுப்புங்க லா, ஒரே நாள்ல முடிச்சுருவான்.”

அவள் தாள்களைப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கணக்கும் அழகான கையெழுத்தில் என் போனுக்கு வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அக்காவிடம் நீட்டினேன். அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்குற மாதிரிதான் இருக்கு.”

“அப்புறம் என்ன? எழுதி அனுப்பிரு.”

“அப்பா, திங்கக்கிழமை என்னைக் கேப்பாங்க.”

நான் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். நம் ஆட்கள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள், இதில் என்ன தப்பு என்றேன். அவள் போனைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

“அந்த அக்காவுக்கு மரம் வெட்டத் தெரியும்பா. காய்ச்சல் விட்டதும் மறுநாள் அவங்களே கத்தியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. எனக்கு இது தெரியாது.”

வெளியே போய்க் காரைக் கழுவினேன். முந்தாநாள்தான் கழுவியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவள் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பார்க்கச் சகிக்காமல் அவளே என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். இரண்டு இருபது சென் காசை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

“சுண்டுங்கப்பா. முதல் காசு சிவப்புன்னு மட்டும் என்கிட்ட சொன்னா, ரெண்டு காசும் ஒரே மாதிரி விழுந்துச்சான்னு எனக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? இன்னொரு காச நீ பாக்கலையே.”

“சரி. ரெண்டாவது காசு சிவப்புன்னு மட்டும் சொன்னா?”

“அப்பவும் தெரியாது.”

“ரெண்டும் சிவப்புன்னு சொன்னா?”

“அப்ப ஒரே மாதிரின்னு தெரிஞ்சு போச்சே!”

“அதான்பா. முதல் காசு சிவப்பு, ரெண்டாவது காசு சிவப்பு, ரெண்டும் ஒரே மாதிரி, இந்த மூணையும் ரெண்டு ரெண்டா பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. மூணையும் சேத்தா சம்பந்தம் வந்துருது. நான் ரெண்டு ரெண்டா பார்த்துட்டு விட்டுட்டேன்.”

துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா நிமிரவே இல்லை. “இதுக்குக் காசு எதுக்கு? சின்னதுங்க ரெண்டு மட்டும் இருந்தா சண்டை இல்ல. அப்பாவும் ஒருத்தனும் இருந்தா சண்டை இல்ல. மூணும் ஒண்ணா சேந்தா ரிமோட் உடையும்.”

அக்கா சிரித்துவிட்டாள். அவள் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். நிகழ்தகவுக் கணக்கு அப்படி முடிந்தது. அல்ஜீப்ராவை அவளே போட்டுவிட்டாள். இணையத்து ஆள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டு அதைச் சரி செய்ய வைத்தாராம். சிவப்பு வட்டம் போட்ட கணக்கு மட்டும் அப்படியே நின்றது. மத்தியானம் ஆகியும் அவள் பேனாவை எடுக்கவில்லை.

உட்காரவும் முடியாது, கேட்கவும் பயம். ஏணியைக் கொண்டு வந்து ஹாலில் போட்டு விசிறியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“ஏங்க, புள்ள படிக்குறா, தூசி கொட்டுது!” என்று அம்மா கத்தினாள்.

“தூசி என் பக்கம்தான் விழுது, நீ இரு.”

ஒரு இறக்கையைத் துடைத்தேன். இரண்டாவதையும் துடைத்தேன். அக்கா தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இறங்குங்கப்பா, தலையில இடிச்சுக்கப் போறீங்க.”

“எங்க இடிக்கும்? சீலிங் இன்னும் மேல இருக்கு. நான் விசிறி வரைக்கும்தானே ஏறுவேன்?”

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவள் எழுந்து ஏணியருகே வந்து என்னையும் சீலிங்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்படியே நில்லுங்க. அசையாதீங்க.”

“என்னம்மா, பாம்பா?”

“நீங்க ஏறிக்கிட்டே போறீங்க. சீலிங்கத் தாண்ட மாட்டீங்க. அதனால சீலிங்கப் போய்த் தொடுவீங்கன்னு நான் எழுதியிருக்கேன். எங்க தொடுறீங்க? விசிறிகிட்டயே நின்னுட்டீங்களே! ஐயோ, அதைத்தான் அவர் ஏன்னு கேட்டிருக்காரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளக்கினாள். சில எண்கள் கூடிக்கொண்டே போகுமாம், ஆனால் ஒரு அளவைத் தாண்டாதாம். தாண்டாது என்பதற்காக அந்த அளவைத்தான் நெருங்கும் என்று சொல்லிவிடக் கூடாதாம். தாண்டாத அளவுகளிலேயே மிகச் சின்னது எது என்று தேட வேண்டுமாம். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். என்னைக் கீழே இறங்கச் சொல்ல அவளுக்கு ஞாபகமே இல்லை. ஈரத் துணியோடு நான் கால் வலிக்க ஏணியில் நின்றேன். இறங்கினால் எங்கே அவளுக்கு மறந்துவிடுமோ என்று பயம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது, ஆங்கிலம், பாதி புரியவில்லை. ஒரு இடத்தில் அவள் பேச்சு நின்றுவிட்டது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெதுவாக மறுபடி ஆரம்பித்தாள்.

வெளியே வந்தவள் கார் கண்ணாடியைத் தட்டினாள்.

“பாஸ்பா. ஆனா கடைசிக் கணக்குல நடுவுல ஒரு வரி பத்தாதாம். அதை மட்டும் எழுதி இந்த வாரத்துக்குள்ள அனுப்பணும்.”

“எச்சரிக்கை?”

“எடுத்துருவாங்க. யாரு உதவி செஞ்சான்னு கேட்டாரு. இணையத்துல கேட்டேன்னு சொன்னேன். அப்பா ஏணியில நின்னாருன்னும் சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“எவ்ளோ உயரம்னு கேட்டாரு.”

சாயங்காலம் உங்கள் மாமா போன் போட்டான். “என்ன மச்சான், நம்ம ஆளு போட்ட கணக்கு பாஸா?” இல்லை, அதை அவள் எழுதவில்லை என்றேன். “அப்ப யாரு போட்டது?” அவளேதான் என்றேன். அவன் நம்பினானா என்று தெரியாது. நீங்கள் அடுத்த தடவை போகும்போது சொல்லுங்கள்.

மூன்றாவது இறக்கையைத் துடைக்க மறுநாள் ஏணியை எடுத்தேன். அக்கா மேசையிலிருந்து கையைக் காட்டினாள். “அப்பா, அந்த ஒரு வரி இன்னும் வரல. கொஞ்சம் பொறுங்க லா, அது வந்ததும் துடைங்க.” ஏணியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் அதில் ஏறி விளையாட வேண்டாம்.